வரைவதா, படமெடுப்பதா, நடிப்பதா? நிறுவன ஆய்வுக் குழுவுக்குள் கலையைக் கொண்டுவர ஐந்து வழிகள்

நிறுவனங்களை ஆராயும் ஒரு குழுவில் "இந்தத் தடவை நேர்காணலோடு கலையையும் சேர்ப்போம்" என்று பேச்சு எழுந்தால், அடுத்த பத்து நிமிடத்தில் வடிவம் முடிவாகிவிடும். தன் துறையில் லெகோ எனும் பிளாஸ்டிக் கட்டைகள் கொண்ட பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது என்பார் ஒருவர். இன்னொருவருக்கு நாடகக்காரர்களைத் தெரியும். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, புகைப்படம் போதாதா என்பார் மூன்றாமவர். பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது தேர்வாகும். அதற்கு ஏற்ற ஆய்வுக் கேள்வி பிறகு தேடப்படும். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இந்தத் தலைகீழ் வரிசையால் வருவது.

இந்த ஆய்வுலகத்துக்குக் கலை புதிது அல்ல. நிறுவனங்களின் குறியீடுகளை ஆராயவென்றே 'ஸ்காஸ்' என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு 1981-இல் ஐரோப்பாவில் உருவானது. அலுவலகத்தின் நாற்காலி, வெளிச்சம், வாசனை, சத்தம் ஆகியவையும் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் என்று இத்தாலியின் அந்தோனியோ ஸ்த்ராத்தி போன்றவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார்கள். மேலாண்மையையும் கலையையும் சேர்த்துப் பேசும் மாநாடு ஒன்று 2002-இல் லண்டனில் தொடங்கியது. ஆகவே மதிப்பீட்டாளர்கள் "இதுவும் ஆய்வா?" என்று கேட்பது குறைந்துவிட்டது. "இந்த வடிவத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். பெட்டி கிடந்தது என்பது அதற்குப் பதில் ஆகாது.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் அளவுகோல் இரண்டு. உருவானதற்குப் பொருள் சொல்லப்போவது யார், செய்தவரா ஆய்வாளரா? அந்த அறைக்குள் உண்மை வெளியே வந்தால் மாட்டிக்கொள்வது யார்? அழகு, புதுமை, கலகலப்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். குச்சி மனிதனை வரைந்தவர் "அது யாரோ" என்று ஒதுங்கிக்கொள்ளலாம். புகைப்படத்தில் முகம் விழுந்துவிடுகிறது. மேடை ஏறியவருக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

ரிச் பிக்சர்: சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும்

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லாண்டும் அவருடைய சகாக்களும் 1970-களில் வளர்த்தெடுத்த மென்முறை அமைப்பு ஆய்வின் ஒரு கருவி இது. பிரச்சினை எது என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து இருக்கும் இடத்தில், அதைச் சொல்லால் விவரிப்பதற்கு முன் சேர்ந்து வரைந்து பார்ப்பது.

ஒரு தாளுக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. கடையில் கிடைக்கும் 22-க்கு 28 அங்குல சார்ட் பேப்பர் ஒன்று போதாது. நான்கு தலைகள் முட்டிக்கொள்ளும். இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டாமல் மேசையில் விரியுங்கள். சுவரில் இருந்தால் ஒருவர் வரைவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நாற்பது நிமிடம் கொடுத்து, முதல் இருபது நிமிடம் எழுத்து கூடாது என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு நிறப் பேனா. எந்தக் கோடு யாருடையது என்று பிறகு பார்க்கலாம், நன்றாக வரையத் தெரிந்தவர் தாளைக் கைப்பற்றிக்கொள்வதும் குறையும். மோதலுக்கு இரண்டு வாள், வெளியிலிருந்து கவனிப்பவருக்குக் கண், மனக்கவலைக்குச் சிந்தனைக் குமிழ் என்ற வழக்கமான குறிகளைக் கரும்பலகையில் காட்டலாம். அதை நடத்துநர் கோணல்மாணலாக வரைந்து காட்டினால் "எனக்கு வரைய வராதுங்க" என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும்.

எந்தக் கேள்வியைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்கள் நிறுவனத்தை வரையுங்கள்" என்றால் ஆலமரம் வரும், ஏணி வரும், கைகோத்து நிற்கும் குடும்பம் வரும். இல்லாவிட்டால் கட்டமும் அம்புக்குறியுமாக அதிகார வரிசைப் படம். "ஒரு பில் இங்கே வந்ததிலிருந்து பணம் கைக்குப் போகிறவரை எங்கெல்லாம் நிற்கிறது, அங்கே நிற்பவர்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவமனையின் பில்லிங் பிரிவு என்று வைத்துக்கொண்டால், தள்ளுவண்டியில் கட்டுக்கட்டாக ஃபைல், மூலையில் ஒரு கண், நடுவில் கைப்பிடி இல்லாத ஒரு கதவு என்று தாள் நிறையும். ஆய்வாளர் சறுக்கும் இடம் அந்தக் கதவுதான். "கதவுக்குக் கைப்பிடி இல்லை, அதாவது அதிகாரம் மூடப்பட்டிருக்கிறது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடத் தோன்றும். வரைந்தவரைக் கேளுங்கள். கைப்பிடியை வரைய மறந்திருக்கலாம். "அது உள்ளே இருந்துதான் திறக்கும், நாங்க தட்டணும்" என்றும் சொல்லலாம். இரண்டாவது பதில் தரவு. உங்கள் ஊகம் தரவு அல்ல.

ஆகையால் தாளைவிட அதைச் சுற்றி நடக்கும் பேச்சின் ஒலிப்பதிவுதான் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தால், எது முதலில் வந்தது, எதன்மேல் எது வரையப்பட்டது என்பது தெரியும். முடிந்த தாளை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வரிசை கிடைக்காது. செலவு சொற்பம், அரைநாள் போதும், தவறினால் இழப்பும் சின்னது. முதல்முறை இறங்கும் குழு இதில் தொடங்கட்டும்.

புகைப்படம்: எளிது என்று நினைத்து ஏமாறுவது

இரண்டு முறைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். படத்தைக் காட்டிப் பேசவைப்பது பழையது. மானுடவியலாளர் ஜான் காலியர் 1957-லேயே இதைப்பற்றி எழுதிவிட்டார். படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஃபோட்டோவாய்ஸ் என்பது 1990-களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களோடு உருவாக்கியது. கேமரா ஆய்வில் பங்கேற்பவர் கையில் இருக்க வேண்டும். எடுத்த படங்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்கு வழியில்லை என்றால் ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர் வைக்காதீர்கள். "படமெல்லாம் எடுத்துக் கொடுத்தோமே, அப்புறம் என்ன ஆச்சு?" என்ற கேள்வி வரும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

ஏழு நாள், ஆளுக்குப் பன்னிரண்டு படத்துக்கு மேல் வேண்டாம், அதில் அவரே தேர்ந்தெடுக்கும் ஐந்து, அவற்றை வைத்து ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரப் பேச்சு. இந்த எல்லை இல்லாவிட்டால் ஒருவர் நூற்றுக்கணக்கில் அனுப்புவார். எல்லாவற்றையும் பற்றிப் பேச நேரம் இருக்காது, பேசாத படங்களுக்கு ஆய்வாளரே கதை கட்டுவார். பேச்சின் கடைசியில் தவறாமல் கேட்க வேண்டியது: "எடுக்க நினைத்து, எடுக்காமல் விட்ட படம் எது?" பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில் எடுத்த ஐந்தையும்விடக் கனமாக இருக்கும். மேலாளர் அறை, சாப்பாட்டு நேரம், கழிப்பறைக்குப் போகும் வழி என்று வரும்.

இனி தொல்லைகள். பல தொழிற்கூடங்களில் வேலைத்தளத்துக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. அங்கே புகைப்படத்தைத் தேர்வுசெய்வது நேரவிரயம், ஆரம்பத்திலேயே கைவிடுங்கள். எடுப்பவரின் ஒப்புதல் வேறு, படத்தில் விழுந்தவரின் ஒப்புதல் வேறு. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். முகத்தை மறைத்தாலும் பின்னால் இருக்கும் கணினித் திரை, வருகைப் பதிவேடு, வாடிக்கையாளர் பெயர் எழுதிய பெட்டி காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சுக்கு உதவாமல் போகும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழுத் தரத்தோடு வரும், எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரும். வந்தவுடன் அதைத் துடைத்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆக்குநர். ஆனால் வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக உருவானவற்றுக்கு வேறு உடன்பாடு இல்லையென்றால் முதல் உரிமை முதலாளிக்கு. வேலை நேரத்தில், வேலையிடத்தில் எடுத்த படம் எந்தப் பக்கம் விழும் என்று வாதாட இடம் உண்டு. ஆய்வுக்கு எடுப்பது வேலையின் பகுதி அல்ல, உரிமை எடுத்தவருக்கே என்று நிறுவனத்திடம் முதலிலேயே ஒரு பத்தி எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு சண்டை இல்லை.

லெகோ: கட்டைகளைவிட விதிகள் முக்கியம்

மனதில் இருப்பதை லெகோ கட்டைகளால் கட்டிக் காட்டிப் பேசும் முறையான லெகோ சீரியஸ் ப்ளே 1990-களில் சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி மேலாண்மைப் பள்ளியில் யோஹான் ரூஸ், பார்ட் விக்டர் இருவரின் சிந்தனையில் பிறந்தது. 2010-இல் அதன் அடிப்படை முறையை லெகோ நிறுவனம் பொதுவில் விட்டுவிட்டது. உரிமம் இல்லாமலே நடத்தலாம்.

நடத்தும் விதம் சுருக்கமானது. கேள்வி, கட்டுதல், கதை சொல்லுதல், அதைப்பற்றிக் கேட்டுப் பேசுதல். எல்லோரும் கட்ட வேண்டும், எல்லோரும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பவர் கட்டியதைப் பற்றிக் கேட்கலாம், கட்டியவரைப் பற்றிக் கேட்கக் கூடாது. கூட்டத்தில் வாயே திறக்காதவருக்கும் இரண்டு நிமிடம் நிச்சயம். ஓயாமல் பேசுபவருக்கும் அதே இரண்டு நிமிடம்தான். இந்த ஒன்றுக்காகவே இதை எடுக்கலாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர், ஏழு நிமிடம் கட்டினால், ஆளுக்கு இரண்டு நிமிடக் கதை, ஒரு நிமிடக் கேள்வி: ஒரு சுற்று முக்கால் மணி நேரம். அதற்கு முன் பழகும் பயிற்சி முக்கால் மணி. இரண்டு சுற்றுக்கு மேல் அரைநாளில் அடங்காது. நான்கு சுற்றுத் திட்டம் போட்டுக்கொண்டு வருபவர்கள் முதலில் வெட்டுவது பழகும் பயிற்சியைத்தான். அதோடு எல்லாம் கெட்டுப்போகும். ஆறு கட்டையில் ஒரு வாத்து கட்டச் சொல்லும் பயிற்சி விளையாட்டுபோலத் தெரியும். ஒரே ஆறு கட்டைதான், ஆனால் எந்த வாத்தும் இன்னொன்று மாதிரி இராது. (எட்டுப் புள்ளியுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை 91,51,03,765 விதமாகக் கோக்கலாம் என்பது கணிதம்.) 'என் வாத்து தப்பில்லை' என்று கைக்குப் புரிந்த பிறகுதான் 'உங்கள் குழுவில் தகவல் எங்கே சிக்குகிறது, கட்டுங்கள்' என்ற கேள்விக்கு ஆள் பயமில்லாமல் கட்டுவார். அதைத் தவிர்த்தால் எல்லோரும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கடைசி நிமிடத்தில் ஒரு சுவர் எழும்பும்.

சுவர் எழும்ப இன்னொரு காரணமும் உண்டு: பெட்டியில் வெறும் செங்கல் கட்டைகள் மட்டும் இருப்பது. சக்கரம், ஏணி, கண்ணாடித் துண்டு, கொடி, பொம்மை மனிதர்கள், கயிறு, பாலம் எல்லாம் கலந்து ஆளுக்கு எண்பது துண்டாவது வேண்டும். துண்டு குறைந்தால் இன்னொரு விபரீதமும் நடக்கும். "மேலாளரைச் சிவப்பில் காட்டியிருக்கிறார்" என்று ஆய்வாளர் எழுதிக்கொள்வார். மற்ற நிறம் தீர்ந்துபோனதால் சிவப்பு வந்திருக்கும்.

எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. விலை அதிகம், பயிற்சி பெற்ற நடத்துநர் வேண்டும், மூத்த அதிகாரிகளில் ஒருவராவது பிளாஸ்டிக்கைத் தொடாமல் கைகட்டி நிற்பார். இத்தனைக்கும் பிறகு கிடைப்பதில் பெரும்பகுதி ரிச் பிக்சரிலும் கிடைக்கும். இதற்கே உரியது ஒன்றுதான்: தனித்தனி மாதிரிகளை ஒரே மேசையில் சேர்த்துப் பொது மாதிரி ஆக்கும் கட்டம். யாருடைய துண்டு நடுவுக்கு நகர்கிறது, யாருடையது ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, யார் கை யாருடையதைத் தொடுகிறது என்பதை மேலே மாட்டிய ஒரு கேமரா அப்படியே பிடித்துவிடும். வரைந்த கோட்டை நகர்த்த முடியாது, கட்டையை நகர்த்தலாம். உங்கள் கேள்வி பேரம், கூட்டணி, துறை இணைப்பு பற்றியது என்றால் செலவு நியாயம்.

ஃபோரம் தியேட்டர்: கைதேர்ந்தவர் இல்லாமல் தொடாதீர்கள்

பிரேசிலின் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கின் ஒரு வடிவம் இது. இந்தியாவில் மேற்கு வங்கத்தின் ஜன சம்ஸ்கிருதி என்ற நாடக அமைப்பு 1985 முதல் கிராமங்களில் இதைச் செய்துவருகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடக் காட்சி ஒன்று, மோசமாக முடியும். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். பார்ப்பவர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி, மாட்டிக்கொண்டு தவிக்கும் பாத்திரத்தின் இடத்தில் தானே ஏறி வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். ஜோக்கர் எனப்படும் நடத்துநர் நடுவில் நிற்பார்.

ஆய்வுக்கு இது தருவதை வேறு எதுவும் தராது. "மேலதிகாரி அப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டால் எல்லோரும் வீரர்கள். அந்த நாற்காலிக்கு முன் நின்று சொல்லிப் பார்க்கும்போது குரல் இறங்குவதும், "சார்" என்று தொடங்கி நின்றுபோவதும் உடம்பில் தெரியும்.

அடிப்படை விதி: மாற்றப்பட வேண்டியது ஒடுக்கப்படுபவரின் பாத்திரம், ஒடுக்குபவருடையது அல்ல. நிறுவனத்துக்குள் நடத்தும்போது முதலில் உடைவது இதுதான். யாராவது ஏறி மேலாளரை மாற்றி, நல்ல மேலாளராக நடித்து, மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவார். கைதட்டல் விழும். இப்படிப்பட்ட தீர்வுக்கு இந்த அரங்கில் 'மந்திரம்' என்று பெயர். "இது நடக்குமா, மந்திரமா?" என்று ஜோக்கர் கூட்டத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாத ஜோக்கர் கையில் இது ஊக்கமளிக்கும் நிகழ்ச்சி ஆகிவிடும், தரவு ஒன்றும் மிஞ்சாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, காட்சியில் இருப்பது யார் என்று அறைக்குத் தெரிந்துவிடுவது. குறைந்தது எட்டுப் பத்துப் பேரின் நேர்காணலிலிருந்து கலந்து கட்டிய காட்சியாக இருக்க வேண்டும். தொழிலே வேறாக மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. வங்கியில் நடத்தும்போது காட்சி பேருந்து டிப்போவில் நடக்கட்டும். மேலாளரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் ஒரே அமர்வில் வேண்டாம். மேலிடம் "நாங்களும் உட்கார்ந்து பார்க்கிறோம்" என்று அடம்பிடித்தால் வடிவத்தை மாற்றுங்கள், அறையில் இருப்பவர்களின் வேலையைப் பணயம் வைக்காதீர்கள். நான்கு நடிகர்கள், இரண்டு நாள் ஒத்திகை, அமர்வு முடிந்ததும் மனம் கலங்கியவரோடு தனியாக உட்கார ஒருவர்: இது குறைந்தபட்சம்.

கலைஞரை உள்ளே உட்காரவைப்பது

இதற்கு இரண்டு பழைய முன்மாதிரிகள், எதிரெதிரானவை. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகம் 1993-இல் தொடங்கிய திட்டத்தில் கலைஞரையும் ஆய்வாளரையும் ஜோடி சேர்த்தார்கள். இருவரும் பெரும்பாலும் ஒரே வகைத் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவர்கள், ஆகவே முதல்நாளே பேச விஷயம் இருந்தது. அதற்கு வெகு முன்பே, 1966-இல் லண்டனில் பார்பரா ஸ்டெவெனி, ஜான் லேதம் முதலியோர் தொடங்கிய ஆர்ட்டிஸ்ட் பிளேஸ்மென்ட் குரூப், கலைஞரை ஆலைக்குள்ளும் அரசுத் துறைக்குள்ளும் அனுப்பியது. சம்பளம் நிறுவனத்துடையது, படைப்பு எதையும் தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஏற்பாட்டில் ஹில் நாற்காலித் தொழிற்சாலைக்குப் போன ஸ்டூவர்ட் பிரிஸ்லி, தொழிலாளர்கள் விரும்பிய கால்பந்து அணிகளின் நிறத்தில் எந்திரங்களுக்கு வண்ணம் பூசவைத்தார். கலைக்கூடத்தில் வைக்க முடியாத வேலை. ஆனால் அந்த எந்திரம் யாருடையது என்ற கேள்வியை ஆலை நடுவில் தூக்கி வைத்த வேலை.

லேதம் 1970-களின் நடுவில் ஸ்காட்லாந்து அரசு அலுவலகத்தில் இருந்தபோது, எண்ணெய்க்கல் தொழில் (பாறையிலிருந்து எண்ணெய் எடுப்பது) கொட்டிவிட்டுப் போன கழிவு மேடுகளை அகற்றாமல் நினைவுச் சின்னங்களாக வைத்துக்கொள்ளலாம் என்றார். அவற்றில் 'ஐந்து சகோதரிகள்' எனப்படும் மேடு பின்னாளில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பின்னாளில் என்பதைக் கவனியுங்கள். மூன்றாண்டு நிதியில் ஓடும் ஆய்வுத் திட்டத்துக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

ஆறு மாதத்துக்குக் குறைவான இருப்பு என்றால் இதைத் தொடவே வேண்டாம். முதல் மாதம் கலைஞர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகே திட்டம் எழுதச் சொல்லுங்கள். "வரவேற்பறைக்கு ஒரு ஓவியம் போட்டுத் தந்துவிடுங்களேன்" என்ற வேண்டுகோள் இரண்டாவது வாரமே வரும், அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் வரி வேண்டும். கலைஞரை ஆய்வு உதவியாளர்போல நடத்துவது இன்னொரு தவறு. அவருடைய குறிப்புகள் யாருக்குச் சொந்தம், கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியராக வருமா நன்றியுரையில் வருமா என்பதை முதல் சம்பளத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

எந்த நிலைமைக்கு எது

ஒரே ஒரு அரைநாள், முன் அனுபவம் இல்லை, பணம் இல்லை: ரிச் பிக்சர். ஆட்கள் பல ஊரில், பல ஷிப்டில் சிதறியிருக்கிறார்கள், சேர்த்து உட்காரவைக்க வழியில்லை, போனுக்குத் தடையும் இல்லை: புகைப்படம். நான்கு துறைத் தலைவர்கள் ஒரே மேசையில், யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி: லெகோ. தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பழக்கத்தை ஆராய்கிறீர்கள், நல்ல ஜோக்கரும் கிடைக்கிறார், நிர்வாகம் அறைக்கு வெளியே நிற்கச் சம்மதிக்கிறது: ஃபோரம் தியேட்டர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். கேள்வியே இன்னும் பிடிபடவில்லை, ஆனால் காலமும் நிதியும் உண்டு என்றால் கலைஞர்.

இரண்டைச் சேர்க்கலாமா என்றால், ஒரு சேர்க்கை நன்றாக வேலை செய்யும். முதலில் ரிச் பிக்சர் அமர்வுகள், அவற்றின் ஒலிப்பதிவில் திரும்பத் திரும்ப வரும் ஓரிடத்தை எடுத்து ஃபோரம் தியேட்டர் காட்சி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம் விடுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு வாரம் போகும். காட்சியை எழுதி, அடையாளம் தெரியாமல் மாற்ற இன்னொன்று. மூன்றாவது வாரத்தில் வரைந்தவர்களில் இரண்டு பேரிடம் பிரதியைக் காட்டி "இதில் உங்களை யாராவது கண்டுபிடிப்பார்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் மறுபடி எழுத அப்போதும் நேரம் இருக்கும்.